இலவசமும் உரிமையும்: புலம்பெயர் தமிழ் வகுப்பறையில் இணைய ஊடாட்டக் கருவிகள்

புலம்பெயர் நாடுகளின் வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பால் நடப்பவை. வாரத்திற்குச் சில மணி நேரமே கிடைக்கும் அவ்வகுப்புகளில் கட்டணமற்ற இணையக் கருவிகள் விரைந்து இடம்பெற்றதில் வியப்பில்லை. கஹூட் வினாடி வினாவும் பேட்லெட் பலகையும் பேசத் தயங்கும் மாணவரையும் பங்கேற்கச் செய்கின்றன. ஆயினும் இவை பற்றிய மதிப்பீடுகள் பலவும் மாணவரின் ஆர்வத்தை அளப்பதோடு நின்றுவிடுகின்றன. கருவி யாருடைய உரிமை என்னும் வினா எழுவது அரிது.

அவ்வினாவின் தேவையை அண்மை வரலாறு காட்டும். ஆசிரியர்கள் பலர் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் தன் இலவச வகுப்பறைத் தளங்களை 2018இல் மூடியது. அதே ஆண்டு பேட்லெட், புதிய இலவசப் பயனருக்கு மூன்று பலகைகளே என வரையறுத்தது. கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிவுற்றது. வேறு மொழி வகுப்புகளுக்கு இவை இடையூறுகளாகலாம். மாணவரின் தமிழ் எழுத்துப் பயிற்சி முழுவதையும் அங்கேயே வைத்திருந்த சிறு பள்ளிக்கோ அது ஈடற்ற இழப்பு.

இழப்பு சேமிப்போடு நிற்பதன்று. ‘தமிழ்’ மூன்றெழுத்துச் சொல் என்பது முதல் வகுப்புப் பாடம். ஒருங்குறியிலோ அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. குறியீடுகளையே எழுத்துகளாக எண்ணும் சொற்கட்டக் கருவிகள் புள்ளிக்கும் தனிக்கட்டம் தருகின்றன. ஆசிரியர் காலையில் கற்பித்ததைக் கருவி மாலையில் மறுக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லை.

எனவே விலையின்மையையும் உரிமையையும் வேறுபடுத்தல் வேண்டும். மூடில், எச்5பி போன்ற திறமூலக் கருவிகளின் நிரலைத் திருத்தலாம். தரவுகளைத் தம் வழங்கியிலேயே வைக்கலாம். ஆனால் வழங்கிக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டு. தனியொரு பள்ளியால் தாங்கவியலாத அச்சுமையைப் பள்ளிகள் பல கூடிச் சுமக்கலாம்.

அதுவரை எந்தக் கருவியையும் ஏற்குமுன் இரு சோதனைகள் இன்றியமையாதவை. தமிழ் எழுத்தை அது எழுத்தாகவே கொள்கிறதா? மாணவரின் ஆக்கத்தைத் திருத்தக்கூடிய வடிவில் வெளியே எடுக்கவியலுமா? இரண்டில் ஒன்றுக்கேனும் விடை ‘இல்லை’ எனின், அக்கருவி விளையாட்டுக்குப் பொருந்தலாம். மாணவரின் எழுத்தை அதனிடம் ஒப்படைத்தல் தகாது.