தோட்டக்காரனைச் சந்தேகித்த நாங்கள்

நயோமி முனவீரவின் இரண்டாவது நாவல் 'வட் லைஸ் பிட்வீன் அஸ்' 2016இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தலைப்பிலேயே ஒரு சிலேடை. 'லைஸ்' என்பதைக் 'கிடக்கிறது' என்றும் எடுக்கலாம், 'பொய்கள்' என்றும் எடுக்கலாம். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, முடியவுமில்லை. முதல் நாவலான 'ஐலண்ட் ஒஃப் எ தவுசண்ட் மிரர்ஸ்' 2012இல் கொழும்பில் பெரேரா ஹுசைன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டு, அடுத்த வருடம் ஆசியப் பிராந்தியத்துக்கான கொமன்வெல்த் பரிசைப் பெற்றது. அது யுத்தத்தைப் பற்றியது என்பதால் அதைப் பற்றி எல்லோரும் கதைத்தார்கள். இது ஒரு வீட்டுக்குள் நடப்பது. அதனாலோ என்னவோ எங்கட பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

சிறை அறையொன்றில் இருக்கும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமலே கதையைத் தொடங்குகிறாள். செய்த குற்றம் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே ஊகித்து விடலாம். ஒரு தாய் தன் பிள்ளைக்கு எதைச் செய்யக் கூடாதோ அதைச் செய்திருக்கிறாள். ஏன் என்பதுதான் நாவல். கண்டியில் வசதியான வீடு, அழகும் கோபமும் மாறி மாறி வரும் தாய், குடிக்கிற தகப்பன், தோட்டக்காரன் சாம்சன். தகப்பன் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார். தாயும் மகளும் அமெரிக்காவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே அவள் தாதியாகிறாள், டேனியல் என்ற ஓவியனைக் கட்டுகிறாள், பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தை பிறந்த பிறகுதான் கண்டி வீடு திரும்பி வந்து அவளைப் பிடிக்கிறது.

சிறு வயதில் யாரோ அவளைத் தீண்டியிருக்கிறார்கள். அவளுடைய ஞாபகத்தில் அது சாம்சன். வாசிக்கிற எங்களுக்கும் சாம்சன்தான். அவன் வந்து நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு நிழலும் கூடவே வருகிறது. கடைசிப் பகுதியில் தாய் வாயைத் திறக்கும்போதுதான் தெரிகிறது, அது அவனில்லை. யார் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, வாசிக்கப் போகிறவர்களின் வயிற்றில் அடிக்கக் கூடாது. ஆனால் வெளியாள் இல்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த விமர்சனத்தை எழுதவே முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் படிப்பிக்கப் போகிற வழியில் பஸ்ஸுக்குள் இதை வாசித்து முடித்தேன். கடைசி அத்தியாயங்களில் எனக்கு நாவலாசிரியை மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. சாம்சனுக்கு எதிராக ஒரு சாட்சியும் இல்லை. அவன் ஏழை, வீட்டு ஆள் இல்லை, அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது. மர்ம நாவல்கள் வாசகரைத் திசை திருப்புவது வழக்கம்தான். இங்கே அந்தத் திருப்பம் வெறும் வித்தையாக நிற்கவில்லை. அந்தக் குடும்பம் என்ன செய்ததோ அதையே எங்களைக் கொண்டும் செய்விக்கிறார் முனவீர. பெண் பிள்ளையை த்ரீவீல்காரரிடம் கவனமாக இருக்கச் சொல்கிறோம், கடைக்காரரிடம், வேலைக்கு வருகிறவரிடம் கவனமாக இருக்கச் சொல்கிறோம். மாமாவிடம் கவனமாக இரு என்று எந்த உம்மா சொல்லியிருக்கிறா?

எங்கட வீடுகளில் இதற்கொரு சொல் இருக்கிறது, ஐபு. "ஐபு வெளியால போகப்படாது புள்ள." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸை வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த ஹதீஸ் உண்மை. ஆனால் அது ஒருவர் தனக்கும் ரப்புக்கும் இடையில் செய்த பாவத்தைப் பற்றியது, இன்னொருவருக்குச் செய்த அநியாயத்துக்குப் போர்வை அல்ல என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக ஆனாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி சூறா அன்னிஸாவின் 135ஆம் வசனம் கேட்கிறது. முதலாவதை எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறேன். இரண்டாவதைக் குடும்பப் பஞ்சாயத்தில் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நாவலில் வருவது பௌத்த சிங்களக் குடும்பம், அவர்களிடம் ஐபு என்ற சொல் இல்லை. சாமான் மட்டும் அதேதான்.

இன்னொன்று துக்கம். தகப்பன் இறந்த பிறகு அந்த வீட்டில் அழுகைக்கு இடமே கொடுக்கப்படவில்லை, பெட்டி கட்டுகிறார்கள். எங்களிடம் துக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று நாள், மனைவிக்கு நான்கு மாதமும் பத்து நாளும். மகன் இப்றாஹீம் மௌத்தானபோது றஸூலுல்லாஹ் கண்ணீர் விட்டார்கள், அழுவதில் குற்றமில்லை. ஆனால் ஜனாஸா வீட்டில் பிள்ளைகளை என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம். என்ன நடந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்.

இந்த இடத்தில் அமீனா ஹுசைனின் 'த மூன் இன் த வோட்டர்' (2009) நினைவுக்கு வருகிறது. தகப்பனின் மரணத்துக்காக நாடு திரும்பும் கதீஜா, தான் தத்தெடுக்கப்பட்டவள் என்று அறிகிறாள். முஸ்லிம் குடும்பம், எங்களுக்குத் தெரிந்த கொழும்பு. அங்கே ரகசியத்தின் வேர் அன்பு. ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தகப்பன் பெயராலேயே அழையுங்கள் என்று சூறா அல்அஹ்ஸாப் சொல்வதும் இதனால்தான் என்று படுகிறது. இலங்கையின் முதல் தமிழ் நாவலான சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை'யும் (1885) பெற்றோரைப் பிரிந்த பிள்ளையின் கதைதான். அந்தக் காலத்தில் ரகசியம் உடைந்தால் எல்லோரும் ஒன்று சேர்வார்கள். முனவீரவிடம் அது உடையும்போது சேருவதற்கு ஆள் மிச்சமில்லை.

குறைகளும் உண்டு. கண்டிப் பகுதியில் மழையும் மாம்பழமும் பூவும் அளவுக்கு மிஞ்சி வருகின்றன, வெளிநாட்டு வாசகருக்கு விரித்த பாய் மாதிரி. அமெரிக்க இளமைக் காலம் நீளம். பெரிய உண்மையோ கடைசியில் அவசரமாக வந்து விழுகிறது. முந்நூறு பக்கமளவு காத்திருந்தவருக்கு அது போதாது. சாம்சனுக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயமாவது கொடுத்திருக்கலாம். அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டவனின் வாய் கடைசி வரை திறக்கவே இல்லை. இதை நான் சின்னக் குறையாக எடுக்கவில்லை.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். முதலில் உம்மாமாருக்குக் கொடுப்போம் என்றேன். என் பிரதி இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவியின் உம்மாவிடம் இருக்கிறது. இங்கிலிஷ் மெதுவாகத்தான் வாசிப்பா, இன்னும் கண்டிப் பகுதியில்தான் நிற்கிறா. போன கிழமை போன் எடுத்து, "அந்தத் தோட்டக்காரன் சரியில்ல ரீச்சர், பாக்கவே வெளங்குது" என்றா. வாசித்து முடியுங்களேன் என்று மட்டும் சொன்னேன்.