கிருபையை நினைவுகூரும் எழுத்து

மனந்திரும்பிய அனுபவத்தைச் சொல்லும் கிறிஸ்தவ நூல்கள் பெரும்பாலும் நடந்த சூட்டோடு எழுதப்பட்டவை அல்ல. அனுபவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் ‘தேடினேன்’ என்ற பேச்சு ‘தேடப்பட்டேன்’ என்று மாறுகிறது.

அகுஸ்தீன் மிலான் நகரத் தோட்டத்தில் உடைந்து அழுதது 386இல். ஹிப்போவில் ஆயரான பிறகு, சுமார் பத்தாண்டு கழித்தே ‘அறிக்கைகள்’ நூலை எழுதத் தொடங்கினார். நூல் முழுக்க அவர் பேசுவது கடவுளிடம். பதினாறு வயதில் பேரிக்காய் திருடிய கதைகூட அங்கே ஜெபமாகிவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் ப்யூரிட்டன்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் இந்த நினைவு சபைக்குரியதாயிற்று. மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் சபையில் சேர வந்தவர்கள் கிருபை தங்களில் கிரியை செய்த விதத்தை எல்லார் முன்னும் சொன்னார்கள். போதகர் தாமஸ் ஷெப்பர்ட் குறித்துவைத்த அந்தச் சாட்சிகளில் வேலைக்காரப் பெண்களின் குரலும் கேட்கிறது. நிச்சயத்தோடு சந்தேகமும் பயமும் கலந்த குரல்கள் அவை. 1666இல் ஜான் பனியன் எழுதிய சுயசரிதையிலும் அவநம்பிக்கைக்கே நெடிய பக்கங்கள்.

இந்த வரிசையில் மிகக் கூர்ந்து வாசிக்க வேண்டியவர் ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன். 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக் புயலில் அவர் வந்த கப்பல் உடைந்து தண்ணீர் ஏறியது. விடியுமுன் தொடங்கி நண்பகல்வரை தண்ணீர் இறைத்தார். பிறகு சுக்கானைப் பிடித்தபடி தன் பழைய வாழ்வை எண்ணிப் பார்த்தார். அந்த நாளை ஆயுள் முழுவதும் அனுசரித்தார். ஆனால் அதன் பின்னரும் 1754வரை அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார். 1764இல் வெளியிட்ட தன் வரலாற்றில், புயலுக்குப் பின் நெடுநாள் தான் முழுமையான விசுவாசியாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதியது 1788இல். கிருபையை நினைக்க நினைக்க, முன்பு பாவமாகத் தெரியாததும் அவருக்குப் பாவமாகத் தெரிந்தது.

தமிழில் இந்த மரபுக்குக் காவிய உருவம் கொடுத்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் பயணக் கதையைத் தழுவிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலானது. கம்பனில் ஊறிய செவி அதில் அப்படியே இருக்கிறது. ஆழ்வார்களின் அடைக்கல உணர்வு, சிலுவையின் முன் புதிய பொருள் கொள்கிறது. இரட்சிக்கப்பட்டவர் தம் மொழியை உதறவில்லை, அதையும் மீட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் புரூஸ் ஹிண்ட்மார்ஷ் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகைச் சரிதைகளின் பெருக்கத்தை நவீனத் தனிமனித உணர்வின் எழுச்சியோடு சேர்த்துப் பார்க்கிறது. அது சரியே. ஆயினும் சிறந்த சாட்சிகளில் அந்தத் தனிமனிதன் நாயகனாவதில்லை. தேதியும் இடமும் மாறாமல் ஒப்பிக்கப்படும் சாட்சி, நாளடைவில் சொல்பவரின் பெருமையாகிவிடக்கூடும். நியூட்டனைப் போல ஆண்டுதோறும் திரும்பிப் பார்ப்பவருக்கோ, தனக்குக் கிடைத்த மன்னிப்பின் அளவும் தான் பிறருக்குச் செய்த தீங்கின் அளவும் சேர்ந்தே விளங்குகின்றன. கிருபையை உண்மையாக நினைவுகூருவது அதுதான்.