பிளேட்டோவின் ஆட்சிச் சரிவுக் கோட்பாடு: ஒரு திறனாய்வு

கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் 'குடியரசு' பத்துப் பகுதிகள் கொண்ட உரையாடல் நூல். ஆட்சிகள் எவ்வாறு படிப்படியாகக் கெடுகின்றன என்பதை அதன் எட்டாம், ஒன்பதாம் பகுதிகள் விளக்குகின்றன. மக்களாட்சி கொடுங்கோலாட்சியில்தான் முடியும் என்று வாதிடுவோர் இன்றும் இப்பகுதிகளையே சான்று காட்டுகின்றனர். அச்சான்று செல்லுமா என்பதை இங்குக் காண்போம்.

ஐந்து ஆட்சிகள்

அறிவிற் சிறந்தோர் ஆட்சி, புகழ் விரும்புவோர் ஆட்சி, செல்வர் ஆட்சி, மக்களாட்சி, கொடுங்கோலாட்சி என்பது பிளேட்டோ தரும் வரிசை. இரண்டாவதற்கு ஸ்பார்ட்டாவும் கிரீட்டும் எடுத்துக்காட்டுகள். ஒவ்வோர் ஆட்சிக்கும் நிகரான குணமுடைய ஒரு மனிதனையும் அவர் படைத்துக் காட்டுகிறார்.

வரலாறு சொல்வது

பிளேட்டோவின் சொந்த ஊரான ஏதென்ஸ் இவ்வரிசையில் செல்லவில்லை. அங்குக் கொடுங்கோலாட்சி கி.மு. 510இல் வீழ்ந்த பின்னரே கிளீஸ்தெனீஸின் சீர்திருத்தங்களால் மக்களாட்சி தோன்றியது. கி.மு. 404இல் அதைக் கவிழ்த்தது அளவு மீறிய சுதந்திரம் அன்று. ஸ்பார்ட்டாவிடம் அடைந்த போர்த் தோல்வி. அப்போது அமைந்த முப்பதின்மர் ஆட்சி மறு ஆண்டே அகன்றது, மக்களாட்சி மீண்டது.

அரிஸ்டாட்டிலும் 'அரசியல்' நூலின் ஐந்தாம் பகுதியில் இவ்வரிசையை மறுக்கிறார். கொடுங்கோலாட்சி அடுத்து எதுவாக மாறும் என்பதைப் பிளேட்டோ கூறவில்லை என்பது அவர் காட்டும் குறை. சிரக்கூஸில் அது மக்களாட்சியாக மாறியதையும் அவர் சுட்டுகிறார்.

கோட்பாட்டின் வலிமை

எனினும் இப்பகுதிகளைத் தள்ளிவிட இயலாது. குடிமக்களின் குணமே ஆட்சியின் குணமாகிறது என்பது பிளேட்டோவின் அடிப்படைக் கருத்து. அதை அவர் வீட்டுக்குள் வைத்து விளக்குகிறார். கணவனுக்குப் பதவி ஆசை இல்லையே என்று தாய் குறைப்படுகிறாள். மகன் புகழை நாடுகிறான். புகழுக்காக உழைத்த தந்தை வழக்கு மன்றத்தில் அனைத்தையும் இழக்கிறார். அதைக் கண்ட மகன் பணத்தையே நம்புகிறான். அவனோ தன் மகனுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கிறான், கல்வியைத் தரவில்லை. அந்தப் பிள்ளை கண்ட ஆசைகளின் பின்னே போகிறான்.

ஒரு தலைமுறை எதைப் பெரிதாக மதிக்கிறதோ, அதன் குறையை அடுத்த தலைமுறை சுமக்கிறது. இது அன்றாடம் நாம் காணும் உண்மை.

மதிப்பீடு

ஆகவே, இக்கோட்பாடு மக்களாட்சியின் முடிவை முன்னறிவிக்கும் சோதிடம் அன்று. ஏதென்ஸ் மக்கள் இழந்த ஆட்சியை மீட்டுக்கொண்டனர் என்பதே அதற்கு விடை. பிள்ளைகளை எவ்வாறு வளர்க்கிறோம் என்பது ஆட்சியையும் பாதிக்கும் என்னும் எச்சரிக்கையாகப் படித்தால், 'குடியரசு' இன்றைய மாணவர்க்கும் பயன் தரும்.