ஓடுகிற சர்வரைத் தொடாதே என்கிற பொய்

பல வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மூலையில் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி இருந்தது. மேலே ஒரு காகிதம்: "ஃபேக்ஸ் சர்வர். அணைக்காதீர்கள்." யாரும் அணைக்கவில்லை, யாரும் அப்டேட்டும் செய்யவில்லை. "ஓடிட்டுத்தானே இருக்கு, எதுக்குக் கை வைக்கணும்?" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அது எவ்வளவு தப்பு என்பது ஹைலாஃபேக்ஸின் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது.

ஹைலாஃபேக்ஸ், சாம் லெஃப்லர் எழுத ஆரம்பித்த திறமூல ஃபேக்ஸ் சர்வர். பிறகு ஹைலாஃபேக்ஸ், ஹைலாஃபேக்ஸ் பிளஸ் என்று இரண்டு கிளையானது. 2018 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2018-17141 என்ற ஓட்டை இரண்டிலுமே இருந்தது. காரணம் கலர் ஃபேக்ஸ். அனுப்புகிறவர் "இந்தப் பக்கம் ஜேபெக்" என்று சொன்னால், அதை வாங்கும் நிரல் இன்னும் எதையும் சுட்டாத பாயின்டர் வழியாக நினைவகத்தில் எழுதிவிடும். அதை வைத்து வெளியாள் தன் நிரலையே சர்வரில் ஓட்டலாம். உங்களில் எத்தனை பேர் கலர் ஃபேக்ஸ் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்ததில்லை. யாரும் பயன்படுத்தாத கதவுதான் திறந்து கிடந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் எயால் இட்கின், யானிவ் பால்மாஸ் இருவரும் டெஃப்கான் மாநாட்டில் ஹெச்பி ஆல்-இன்-ஒன் பிரின்டரை வெறும் ஃபேக்ஸ் நம்பரை வைத்தே கைப்பற்றி, அங்கிருந்து உள் நெட்வொர்க்குக்குள் போய்க் காட்டினார்கள். அங்கேயும் சிக்கல் ஜேபெக் படிக்கும் பகுதியில்தான். சம்பந்தமே இல்லாத இரண்டு நிரல்கள், ஒரே இடத்தில் சறுக்கல்.

"ஃபேக்ஸ் இன்டர்நெட்டில் இல்லை, அதனால் பாதுகாப்பு" என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. தாக்குதல் டெலிபோன் லைனில் வருகிறது. ஃபயர்வால் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் மோடத்தின் மறுபக்கம் இருக்கும் சர்வரோ ஆபீஸ் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறது.

அட்மின்களின் பயத்திலும் நியாயம் உண்டு. 2005-ல் வந்த 4.2.1 பதிப்பு வேறொரு ஓட்டையை அடைத்தது. யார் உள்ளே வரலாம் என்று பட்டியலிடும் ஃபைலில் பாஸ்வேர்டு இல்லாமல் ஏனோதானோ என்று எழுதிய வரிகளை, பெயரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தே ஏமாற்ற முடிந்தது. சரி செய்தபோது, அப்படி எழுதிய வரிகளை நம்பியிருந்த நல்லவர்களும் வெளியே நின்றார்கள். ஃபைலைத் திருத்திய பிறகுதான் வேலை நடந்தது. அப்டேட் செய்தால் ஏதாவது உடையும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே உடைந்தது, ஏற்கெனவே உடைந்திருந்த பூட்டு.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். ஹைலாஃபேக்ஸ் என்றால் 6.0.7, பிளஸ் என்றால் 5.6.1, குறைந்தபட்சம் இந்தப் பதிப்புகளாவது இருக்கணும். டெபியன் மாதிரி விநியோகங்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடும். எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் பேக்கேஜின் மாற்றக் குறிப்பையும் படியுங்கள். ஃபேக்ஸ் அனுப்ப மட்டும்தான் சர்வர் என்றால், எத்தனை ரிங்குக்குப் பிறகு எடுக்கணும் என்ற செட்டிங்கை 0 ஆக்குங்கள். மோடம் போனை எடுக்காது. 4559 போர்ட்டை வெளியே திறந்து வைக்காதீர்கள்.

அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறதோ, தெரியாது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அந்தக் காகிதத்தைக் கிழியுங்கள்.