'இனம்' என்னும் மாறி: தோட்டத் தமிழர் பற்றிய உளவியல் ஆய்வுகள் குறித்துச் சில கருத்துகள்

தோட்டப்புறத் தமிழரின் உளப்பாங்கு பற்றிய கட்டுரைகளிலும் மாணவர் ஆய்வேடுகளிலும் 'தாழ்வு மனப்பான்மை', 'ஊக்கக் குறைவு', 'பணிந்துபோகும் இயல்பு' முதலிய தொடர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. ஊக்கம் எதனைக் கொண்டு அளக்கப்பட்டது என்னும் செயல்நிலை வரையறை பெரும்பாலும் தரப்படுவதில்லை. அதனினும் பெரிய குறை, 'தமிழர்' என்னும் இனப்பெயரையே சாரா மாறியாகக் கொண்டு, காணும் நடத்தையை அதன் விளைவாகக் காட்டுவதாகும். இதனை விளக்க மேலைநாட்டுப் பாடநூல்களைத் தேட வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலானிலேயே தக்க சான்று உண்டு. அது மருத்துவத் துறையினதாயினும் முறையியல் இரு துறைக்கும் பொதுவானதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரைப் பெருமளவில் பலிகொண்டது. தமிழ்த் தொழிலாளரை அரிதாகவே தீண்டியது. இனமே காரணம் என்று முடிவுகட்டுவது எளிதாயிருந்திருக்கும். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த லியோனார்ட் பிராடன் உலையை நோக்கினார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. இக்கருத்தை விரித்து 1907இல் அவர் நூலொன்று வெளியிட்டார். எனினும் அவர் கண்டது ஒட்டுறவு மட்டுமே. நாட்பட்ட அரிசியில் தோன்றும் நச்சுப்பொருளே காரணம் என அவர் கருதியது பின்னர்ப் பிழையாயிற்று. ஒட்டுறவு மெய்யாயிருந்தும் காரணம் பொய்யாகலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

ஒட்டுறவைச் சோதனைக்கு உட்படுத்தியவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். நோய்க்கு இடமே காரணமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு குழுவினரின் விடுதிகளையும் மாற்றினார். பச்சரிசிக் குழுவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றக் குழுவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. ஆய்வறத்தை இன்று பேசும் நாம், இணக்கம் கேட்கப்படாத அம்மனிதரைக் கடந்து செல்லல் ஆகாது. தொடர்ந்து பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவின் டுரியான் திப்புசில் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு குழுவாக்கி, பின்னர் அரிசியையும் மாற்றிக் கொடுத்து நோய் அரிசியைப் பின்தொடர்வதை நிறுவினர். இனம் அங்கே ஒன்றே. நோயோ ஒரு குழுவில் மட்டும் தோன்றிப் பின் மற்றதிற்குச் சென்றது.

இவ்வளவு தெளிவு அரிசியைப் பற்றி எய்தப்பட்ட மண்ணில், மனத்தைப் பற்றிய எழுத்து இன்னும் பிராடனுக்கு முந்திய நிலையிலேயே நிற்கிறது. விதிவிலக்குகள் உண்டு. தோட்டப்பள்ளி தொழிலாளர் நிலையையே மறுவுற்பத்தி செய்கிறது என 1993இல் வெளியான கட்டுரையில் வாதிட்ட தி. மாரிமுத்து, குழந்தையின் அடைவைப் பள்ளியின் அமைப்போடு பொருத்திப் பார்த்தார். காலனியத்தார் சுதேசிகள் மீது சுமத்திய 'சோம்பல்' என்னும் பண்பின் வரலாற்றைச் சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் ஆராய்ந்தார்.

களப்பணியில் வேறு இடர்களும் உள. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த வினாநிரலில் 'தன்மதிப்பு' எனக் கேட்டால், தோட்டத்து முதியவர் அதனை ஊரார் தமக்குத் தரும் மரியாதையாகக் கொண்டு விடையிறுக்கக்கூடும். அப்போது எண்கள் நம்பகமாயிருந்தும் ஏற்புடைமை இல்லாதொழியும். கிராணி அருகிருக்கப் பெறப்படும் விடையில் 'பணிவு' தோன்றுவதில் வியப்பில்லை.

கூறெடுப்பு இன்னும் சிக்கலானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பத்தாண்டுகளில் பலர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தனர். லயங்களில் எஞ்சியோர் சமவாய்ப்பு முறையில் எஞ்சியவரல்லர். முதியோரும் வெளியேற வழியற்றோரும் அவருள் மிகுதி. அவரிடம் மட்டும் வினாநிரலைக் கொடுத்துத் தோட்டத் தமிழரின் ஊக்கத்தை அளப்போர், வெளியேறியோரையும், அதே வருவாயும் அதே பள்ளித்தொலைவும் உடைய பிற இனத்துக் குடும்பங்களையும் ஒப்பீட்டுக் குழுவாகச் சேர்த்தல் வேண்டும்.