முதல் பார்வையும் முன் அபிப்பிராயமும்

ஒரு ஊரைப் பற்றி நாவல் எழுத வேண்டுமானால் அந்த ஊரில் எத்தனை காலம் இருந்திருக்க வேண்டும்? கதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி எப்படியாவது தலைகாட்டிவிடுகிறது. பிறந்து வளர்ந்த ஊரைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்பது ஒரு கட்சி. பழகப் பழகக் கண் மழுங்கிவிடும், புதிதாக வந்து இறங்குகிறவனுக்குத்தான் ஊர் சரியாகத் தெரியும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. ஆகையால் விவாதம் முடிகிறதில்லை. முதல் பார்வை நாளடைவில் நிலைக்குமா, நிலைக்காதா என்று கேட்பதற்கு முன்னால், எதை நாம் முதல் பார்வை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

உதாரணத்துக்குப் பிரசித்தமான ஊர் வேண்டாம். மதுரையையும் தஞ்சாவூரையும் பற்றி, பார்க்காதவர்களுக்குக்கூட அபிப்பிராயம் உண்டு. புதுவாயலை வைத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிற பெருஞ்சாலையில், செங்குன்றமும் காரனோடையும் தாண்டி, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். சாலைக்கு இப்போது 16 என்று எண் போட்டிருக்கிறார்கள். பழைய லாரிக்காரர்கள் 5 என்றுதான் சொல்வார்கள். பெரியபாளையத்துக்குப் போகிற சாலை இங்கே பிரிகிறது. கோபுரத்தையோ கோட்டையையோ சொல்லி அறிமுகப்படுத்த முடியாத ஊர். அதனாலேயே நம் காரியத்துக்கு ஏற்றது.

பஸ் ஜன்னலிலிருந்து முதல் தடவை பார்த்தபோது என் கண்ணில் பட்டவை இவை: வரிசையாக நின்ற லாரிகள், இரும்புக் கம்பி ஏற்றிய நீண்ட டிரெய்லர், அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்த கிளீனர், டீக்கடை, புழுதி. அதற்குப் பிறகு பல தடவை அங்கே இறங்கி நடந்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் ஒரு வார்த்தையைக்கூட அடிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. லாரி நிற்கத்தான் நிற்கிறது. புழுதியும் பறக்கத்தான் பறக்கிறது. ஆனால் அன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, “இங்கெல்லாம் மனுஷன் குடியிருப்பானா, சார்?” என்றார். அவரும் நான் பார்த்ததையேதான் பார்த்தார். ஆனால் அவர் சொன்னது பார்வை அல்ல, தீர்ப்பு. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? பக்கத்திலேயே சிறுவாபுரி முருகன் கோயில் இருக்கிறது. ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை காலையில் இந்த வட்டாரத்தைப் பார்க்கிறவனுக்கு லாரிகள் கண்ணில் படாது. வாடகை வீட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர்களின் முகங்கள்தான் படும். ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டப் போகிறவர்களின் வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும்போது அது வேறொரு ஊர். கல்லூரி பஸ்களும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற காலை நேரத்தில் அது இன்னொரு ஊர். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆரணியாறு, ஐப்பசி கார்த்திகையில், ஆந்திரத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டால், பழவேற்காடு ஏரி வரையில் கரையோர ஊர்களைத் தூங்கவிடாது. சித்திரை மாதத்தில் அந்த மணலைப் பார்த்து, ‘இங்கே ஆறே இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனவனை ஆறு கார்த்திகையில் வந்து விசாரிக்கும்.

ஊரின் பெயரே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. புதுவாயல் என்று காதில் விழுந்ததும் வாயில் என்றுதான் தோன்றும். புதிய வாசல், பட்டணத்துக்கு வடக்கு வாசல் என்று சாலையில் போகிறவன் அர்த்தம் பண்ணிக்கொள்வான். இதே வட்டாரத்தில் பெருவாயல், பாலவாயல் என்றும் ஊர்கள் உண்டு. இத்தனை வாயில்கள் எதற்கு என்று யோசித்தால், வயல் என்ற சொல்லாகவும் இருக்கலாமே என்று படுகிறது. எது சரி என்று தீர்ப்பது பண்டிதர்கள் வேலை. கடந்து போகிறவனுக்கு வாசலாகக் கேட்கிற சொல், அங்கே உழுதவனுக்கு வயலாகக் கேட்டிருக்கலாம் என்பதே எனக்குப் போதும்.

தொழிற்சாலை வந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்ற சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. முதலில் வந்தது இங்கிலாந்துக்கு. 1854 ஜனவரியில், பஞ்சாலைத் தகராறு முற்றிக் கிடந்த பிரெஸ்டன் நகரத்துக்குச் சார்லஸ் டிக்கன்ஸ் போனார். கொஞ்ச நாள்தான் இருந்தார். அதே வருஷம் ஏப்ரலில் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலைத் தம்முடைய ‘ஹவுஸ்ஹோல்ட் வோர்ட்ஸ்’ பத்திரிகையில் ஆரம்பித்தார். அதில் வரும் கோக்டவுனுக்கு பிரெஸ்டன்தான் மூலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். புகையும், சாய நீர் கலந்த ஆறும், ஒன்றைப்போல் ஒன்றாக இருக்கும் தெருக்களுமாக அந்த ஊர் வாசகனின் நெஞ்சில் நின்றுவிடுகிறது. அந்தப் புகையை யாரும் பொய் என்று சொன்னதில்லை. குறை சொன்னதெல்லாம் அதில் வரும் தொழிலாளர் தலைவரைப் பற்றித்தான். வாய்ச்சவடால் அடிக்கிற வெறும் பொம்மை அவர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரெஸ்டனிலிருந்து திரும்பியதும் டிக்கன்ஸ் அதே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் தொழிலாளர்களின் கூட்டம் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு பொறுமையாக நடந்தது என்பதைக் கண்டது கண்டபடி சொல்லியிருக்கிறார். அதாவது, அவருடைய முதல் பார்வை சரியாகத்தான் இருந்தது. நாவல் எழுத உட்கார்ந்தபோது, வேலைநிறுத்தம் என்றால் அங்கே ஒரு தூண்டிவிடுகிறவன் இருந்தே தீரவேண்டும் என்ற பழைய அபிப்பிராயம் எங்கிருந்தோ வந்து, கண் பார்த்ததைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. முதல் பார்வை அவரை ஏமாற்றவில்லை. பார்ப்பதற்கு முன்பே இருந்த அபிப்பிராயம், முதல் பார்வையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து ஏமாற்றியது. நம் ஊர்க் கதைகளிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

‘ஹார்ட் டைம்ஸ்’ முடிந்த அடுத்த மாதமே, அதே பத்திரிகையில், எலிசபெத் காஸ்கெல் அம்மையாரின் ‘நார்த் அண்டு சவுத்’ தொடங்கியது. அவர் கல்யாணமாகி 1832-இல் மான்செஸ்டருக்கு வந்தவர்; இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் புகையிலேயே குடித்தனம் செய்தவர். ஆனாலும் தம் அநுபவத்தைக் கொண்டுவந்து நம் தலையில் கொட்டவில்லை. தெற்கே ஹெல்ஸ்டன் என்ற பசுமையான கிராமத்திலிருந்து வருகிற மார்கரெட் என்ற பெண்ணின் கண்ணால் மில்டன் நகரத்தை முதலில் காட்டுகிறார். அவளுக்கு ஊர் பிடிக்கவில்லை. பிறகு ஹிக்கின்ஸ் என்ற தொழிலாளியையும், பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டுச் சாகிற அவன் மகளையும், ஆலை முதலாளி தார்ன்டனையும் அறிந்துகொள்கிறாள். இது மட்டுமானால் சாதாரணக் கதை. கடைசிப் பகுதியில் அவளைப் பழைய கிராமத்துக்கே ஆசிரியை ஒரு தடவை அழைத்துப் போகிறார். அவள் நெஞ்சில் வைத்துப் பூஜித்த ஹெல்ஸ்டனும் அப்படியே இருக்கவில்லை. புது ஊரின் முதல் பார்வைக்கு வைத்த பரீட்சையைச் சொந்த ஊரின் நினைவுக்கும் வைத்துப் பார்க்கிறாரே, அங்கேதான் அந்த நாவல் உயர்ந்து நிற்கிறது.

தமிழுக்கு வருவோம். வெளியூர்க்காரர் கட்சிக்கு நான் கூப்பிடும் சாட்சி ராஜம் கிருஷ்ணன். திருச்சி மாவட்டத்து முசிறிக்காரரான அவர், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார், 1979-இல் வெளிவந்தது. உப்பளத்தை முதலில் பார்க்கிறவன், வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும் அழகில் சொக்கிப்போவான். அது பொய்யான அழகு அல்ல. ஆனால் அந்த வெளுப்பிலேயே நாள் முழுதும் நிற்கிறவர்களின் கண் என்னவாகும், அந்த உப்புநீரிலேயே நிற்கிற கால் என்னவாகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார் அந்த அம்மாள். அங்கே போனார், பேசினார், திரும்பத் திரும்ப விசாரித்தார். அவருடைய நாவல்களில் விசாரணைக் குறிப்புகள் சில இடங்களில் கதையை அமுக்கிவிடுகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படிப் பட்டிருக்கிறது. இருந்தாலும், ஜன்னலோரத் தீர்ப்போடு நின்றுவிட்ட அழகான நடையைவிட, இறங்கி நடந்த அந்தக் கரடுமுரடு மேல்.

உள்ளூர்க்காரர் கட்சிக்குச் சாட்சி சுந்தர ராமசாமி. நாகர்கோயிலிலேயே வாழ்ந்தவர். 1966-இல் வெளிவந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு கூட்டுரோடுதான். வருகிறவன் போகிறவனுக்கு அது நாலு கடைகளும் ஒரு மரமும். ஆனால் தாமோதர ஆசான் வாயைத் திறந்தால், அந்த மரம் ஒரு காலத்தில் குளத்துக்கு நடுவில் நின்றது தெரிகிறது; மகாராஜா வருகிறார் என்பதற்காகக் குளத்தைத் தூர்த்தது தெரிகிறது. பிறகு கடைத்தெரு, நகரசபை, தேர்தல் எல்லாம் வந்து, கடைசியில் மரத்துக்கே விஷம் வைத்துவிடுகிறார்கள். மரம் போன பிறகும் அந்த இடத்துக்குப் புளியமரத்தின் பெயரே நிற்கிறது. புதிதாக வருகிறவன் அந்தப் பெயரைக் கேட்டு மரத்தைத் தேடுவான். உள்ளூரில் பிறந்ததனால் மட்டும் இந்த நாவல் வந்துவிடவில்லை; தினம் பார்த்துப் பழகிய மரத்தை, இது இங்கே எப்படி வந்தது என்று புதியவனைப்போலக் கேட்டதனால் வந்தது. ஆக, இரண்டு கட்சியின் சாட்சிகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். எத்தனை காலம் இருந்தோம் என்பதில் ஒன்றும் இல்லை. பார்த்ததோடு கேள்வியை முடித்துக்கொண்டோமா, அங்கிருந்து தொடங்கினோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதெல்லாம் நாவலாசிரியனின் தொழில் சங்கடம் மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் பேசியிருக்கமாட்டேன். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போன பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. கவரைப்பேட்டை என்ற பெயரைத் தேசம் முழுவதும் அன்றுதான் கேட்டது. பல பேருக்கு அந்த ஊர் இனிமேல் கவிழ்ந்த பெட்டிகள்தான். இருட்டில் அங்கே ஓடிவந்து பிரயாணிகளை இறக்கிவிட்ட அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அந்தப் படத்தில் இடம் இருக்காது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் 1990 முதல் இருக்கிறது. முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் கூடாரமும் தற்காலிகமும் மனத்தில் எழும். வந்த புதிதில் அது பொருத்தமான சொல்லாகவே இருந்திருக்கலாம். அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் செய்துகொண்டவர்களுக்கு அது என்ன பொருத்தம்? அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் 2021-இல் மாற்றியது. முன் பாதி மாறிற்று, பின் பாதி நிற்கிறது. ஒரு முதல் பார்வை முப்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களின் விலாசமாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து இறங்குகிற பையன்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கதைகளில் அவர்களுக்கு இன்னும் பெயர் வரவில்லை. கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். பெட்டியும் கையுமாக ரயிலைவிட்டு இறங்குகிற அந்தப் பையனுக்கும் இந்த ஊரைப் பற்றி ஒரு முதல் பார்வை இருக்கத்தானே செய்யும்? அவன் நெஞ்சிலும் விட்டுவந்த ஹெல்ஸ்டன் ஒன்று இருக்கும். மார்கரெட்டின் கண்ணால் மில்டனைப் பார்க்கத் துணிந்த ஓர் ஆசிரியை அங்கே இருந்ததுபோல, அந்தப் பையனின் கண்ணால் நம்மைப் பார்க்கத் துணிகிறவர் இங்கே வேண்டும்.

புதுவாயலைப் பற்றி யாராவது நாவல் எழுத வந்தால் முதல் அத்தியாயத்தில் லாரியையும் புழுதியையும் தாராளமாக எழுதட்டும். கண்ணில் படுவதை மறைப்பது எழுத்துக்கு அழகல்ல. எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் கிழமை பார்த்த புழுதி என்பதும் தெரிந்தால் இன்னும் நல்லது. பத்தாவது அத்தியாயத்திலும் லாரியும் புழுதியுமே இருந்தால், நாம் தயங்காமல் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.