வால்பாறைக்கு வெயில் காலத்தில் போகாதீர்கள்!

வால்பாறைக்கு எந்த மாதம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் டிசம்பர், ஜனவரி என்பார்கள். என்னைக் கேட்டால் ஜூலை. அதுவும் பைக்கில். போட்ட திட்டமெல்லாம் மழையில் கரைந்து, ஒரு டீக்கடை பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அடடா, அந்தச் சுகம் இருக்கிறதே!

பொள்ளாச்சியில் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. நான் என் பழைய புல்லட்டில், நண்பன் பல்சரில். வால்பாறை, சோலையாறு, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி என்று காட்டுக்குள்ளேயே ஓட்டிப் போய் சாலக்குடியில் இறங்குவதாக ஏற்பாடு. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரிகிறது. சாலையோரத் தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று ஒரு வரையாடு எங்களைப் பார்த்துக்கொண்டே புல்லை மென்றது. மாநில விலங்கு, கைக்கெட்டும் தூரத்தில்! அதற்காகவே இந்தச் சாலைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதுவரை ஒரு துளி மழை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவதையெல்லாம் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுவதால் ஆழியாறு பக்கம் காய்ந்தே கிடக்கும். அட்டகட்டி தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. கவர்க்கல் வந்தபோது எங்கள் மேலேயே மேகம் இறங்கியது. முன்னால் போன பல்சரின் சிவப்பு விளக்கு பத்தடியில் காணாமல் போனது. ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் மூச்சுக்காற்றில் உள்பக்கம் வெளுத்துப்போகிறது, திறந்தால் மழை ஊசியாய் முகத்தில் குத்துகிறது. என் புல்லட்டில் இருப்பது டிரம் பிரேக். தண்ணீர் உள்ளே போய்விட்டால் மிதித்தவுடன் பிடிக்காது. அவ்வப்போது லேசாக மிதித்துக்கொண்டே போனால் சூட்டில் ஈரம் காயும். இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர் வேகம், ஹாரன். சூடான சிலிண்டரில் மழை விழுந்து ஆவி கிளம்ப, ஈர ரெயின்கோட்டும் பெட்ரோலும் தேயிலையும் கலந்து ஒரு வாசனை. ஆகா! எவ்வளவு கொடுத்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதற்குமேல் ஓட்ட முடியாத இடத்தில், தெய்வாதீனமாக, ஒரு தகரக் கூரை.

“தம்பிகளா, வண்டிய ஓரமா போட்டுட்டு உள்ள வாங்க. இந்த மழையில எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் கடைக்கார அக்கா.

கையுறையைக் கழற்றி அடுப்போரம் வைத்தோம். கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. திக்கான, கறுத்த, இஞ்சி தட்டிப் போட்ட டீ. கூடவே எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மிளகாய் பஜ்ஜி. வாய் வெந்தது, விடவில்லை. நண்பன் கணுக்காலில் ரத்தம் வழிவதை அக்காதான் முதலில் பார்த்தார். அட்டை. ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார், சுருண்டு விழுந்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள், தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தாள் போர்த்தியபடி உள்ளே நுழைந்தார்கள். “என்ன மழைங்கக்கா இது!” என்று நான் வியக்க, ஒருவர் சிரித்தேவிட்டார். “இதுவா மழை? சின்னக்கல்லாறு போய்ப் பாருங்க.” தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று பேர் வாங்கிய ஊர் பக்கத்தில் இருக்கும்போது, நான் கவர்க்கல் மழைக்கு வாயைப் பிளந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்! மலக்கப்பாறை வழியில் மரம் விழுந்து கிடப்பதாகவும் அவர்கள்தான் சொன்னார்கள்.

“மாப்ள, அப்ப அதிரப்பள்ளி?”

“கிடக்குது விடுடா. இன்னொரு பிளேட் பஜ்ஜி சொல்லு.”

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. ஐயர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி மெல்ல உருட்டினோம். நனைந்த தேயிலைச் சரிவுகளுக்கு வந்திருந்த பச்சையை எந்தக் கேமராவும் பிடிக்காது. நண்பன் எடுத்த படங்களே சாட்சி. புதுத்தோட்டத்தில் ஒரு சிங்கவால் குரங்குக் குடும்பம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. அவை வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் யானை நின்றால் எச்சரிப்பதற்கென்று சில இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள். உள்ளூர்க்காரர்களே செல்போனிலிருந்து எரியவைக்கலாம். நாங்கள் போனபோது எரியவில்லை. ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் ஏமாற்றம்!

ராத்திரி வால்பாறை லாட்ஜில் தங்கிவிட்டு, மறுநாள் அதே 40 வளைவுகளில் இறங்கினோம். சாலக்குடியை இன்றுவரை பார்க்கவில்லை. அதனாலென்ன?

ஜூலையில் போங்கள். நல்ல ரெயின்கோட், மாற்று சாக்ஸ், ஒரு பொட்டலம் உப்பு. மழை வலுத்தால் வம்பு பண்ணாமல் நின்றுவிடுங்கள். இருட்டுவதற்குள் தங்கும் இடம் சேர்ந்துவிடுங்கள், இருட்டிவிட்டால் யானைகள் நடமாடும் நேரம். டீக்கடையில் மட்டும் அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள், இரண்டாவது பிளேட் பஜ்ஜி முதலாவதைவிட நன்றாக இருக்கும்.